மீதிச் சாட்சி புதன்கிழமை பத்து மணிக்கு

ரோஸலின் அக்கா தவறிவிட்டார் என்று அம்மா போனில் சொன்னபோது, நெய்யாற்றின்கரை பஸ்ஸில் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன். வலப்பக்கக் கடைவாய்ப் பல்லால். மெல்லுவதை நிறுத்தினேன். அந்தப் பல் இன்னும் என் வாயில் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

பாறசாலை பல்லாஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருபது வருடத்துக்கு மேல் நின்றவரை நம் சபையில் அறியாதவர் இல்லை. ஊசியைக் கண்டு நாற்காலியிலிருந்து எழுகிறவர்களிடம் அவர் கேட்பது உங்களுக்கும் நினைவிருக்கும்: "ஓடுங்க, நல்லா ஓடுங்க. பல்லை இங்க வச்சிட்டுப் போவியளா, கூடக் கொண்டு போவியளா?"

மூன்று வருடம் முன்பு சீழ்பிடித்த பல்லோடு நானும் போனேன். டாக்டர் பல்லைத் திறந்து, அழுகிய நரம்பை எடுத்து, வேர்க்குழாய்களைக் கழுவி, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். இன்னும் இரண்டு முறை வரச் சொன்னார். வலி இரண்டே நாளில் போனது.

அந்த ஞாயிறு ஆராதனையில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா எழுந்து சாட்சி சொல்லிவிட்டார்: மகளின் பல்வலியைக் கர்த்தர் முற்றிலும் சுகமாக்கினார். எல்லாத் தலைகளும் என் கன்னத்தை நோக்கித் திரும்பின. நான் பாட்டுப்புத்தகத்துக்குள் முகத்தை மறைத்தேன்.

அதன்பிறகு பல்லாஸ்பத்திரி வாசலில் யாராவது என்னைப் பார்த்தால் அம்மாவின் சாட்சி என்னாவது? வலிதான் இல்லையே என்று இருந்துவிட்டேன். ஒரு மாதம் ஓடியது.

ஒரு மாலை ரோஸலின் அக்கா வீட்டுக்கே வந்தார்.

"அவளுக்குத்தான் வலி இல்லியே, ரோஸலினே," என்றார் அம்மா.

"நரம்பை எடுத்தாச்சு சேச்சி, பின்ன எப்பிடி வலிக்கும்? இனி உள்ள என்ன நடந்தாலும் பல்லு சொல்லாது. சொல்லுத ஆளு போயாச்சில்லா! மேல வச்சிருக்கது தற்காலிக அடைப்பாக்கும். அது இளகினா கிருமி பின்னயும் ஏறும், எலும்பு வரைக்கும் போவும். அப்பம் பல்லைப் பறிக்காம வேற வழி உண்டா?"

அம்மாவின் முகம் வாடியது. "அப்பம் நான் சபையில சொன்னது பொய்யா?"

"யாரு சொன்னா? அது பாதிச் சாட்சியாக்கும். மீதி, புதன்கிழமை பத்து மணிக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மக்கா, ஒனக்கு நாணமா இருந்தா பின்வாசல் உண்டு. நான் திறந்து வைக்கேன்."

சொன்னபடி பின்வாசலில் நின்றார். அடைப்பின் ஓரம் உடைந்திருந்தது. நல்ல நேரத்தில் வந்தாய் என்றார் டாக்டர். குழாய்களை மறுபடி சுத்தம் செய்து நிரப்பினார். அடுத்த முறை பல்லின் மேல் கேப் என்கிற உறையைப் போட்டார். பயந்ததுபோல எதுவும் இல்லை. மரத்த தாடையோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். "எனக்க சர்வீஸில குறட்டை விட்டது நீ ஒருத்திதான்," என்று எழுப்பினார் அக்கா.

மீதிச் சாட்சியைச் சபையில் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அக்காவும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

போன வாரம் அவருடைய நினைவுக் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றார். பேசும் முன், சொல்லட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். பின்வாசல், உடைந்த அடைப்பு, குறட்டை, ஒன்றையும் விடாமல் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைகள் மறுபடியும் என் கன்னத்தை நோக்கித் திரும்பின.

ரோஸலின் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பல். பாட்டுப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் அது தெரியும்படி வாய்விட்டுச் சிரித்தேன்.