சூடு படாத ராணி கலர்

இரண்டு வாரத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில், பத்துக்குப் பத்துகூட இல்லாத ஒரு கடையில் நின்று, ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். கத்தி முடித்த பத்தாவது நிமிடம், முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாரா வாரம் ஊரார் தப்பையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதிக் கிழிக்கிறேன். என் தப்புக்கு மட்டும் லீவு விட முடியுமா? அதனால் எழுதுகிறேன். எழுதும்போதே கூசுகிறது.

விஷயம் இதுதான். திருவொற்றியூரில் இருக்கும் என் அக்காவுக்கு அறுபது வயது நிறைந்தது. விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா படம் போட்ட பீங்கான் கப் கொடுப்பது என் பொறுப்பு என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். போட்டோவை அக்காவே எடுத்துக் கொடுத்தாள். ராணி கலர் பட்டுப்புடவை, பச்சை பார்டர், தலை நிறையக் கனகாம்பரம்.

"டேய், புடவை கலர் அப்படியே வரணும். வெளுத்துப்போய் வந்துச்சு... ஒரு கப்பைக்கூட வெளிய எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

கடை ஜரீனாவுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கப்புக்கு ஒரு ஹீட் பிரஸ், துணிக்கு ஒன்று, எல்லாருக்குமாக ஒரு டேபிள் ஃபேன். வாசலில் 'சப்ளிமேஷன் பிரிண்டிங்' என்று எழுதியிருக்கும். படத்தை முதலில் பேப்பரில் அடித்து, அதைக் கப்பில் சுற்றிச் சூடு கொடுத்தால், படம் கப்பில் இறங்கிவிடும். இவ்வளவு எனக்கும் தெரியும். இவ்வளவுதான் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது!

நான் போனபோது வாசலில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில். ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டராம். ஸ்போர்ட்ஸ் டேவுக்கு நாலு ஹவுஸ் பிள்ளைகளுக்கும் டி-ஷர்ட் அடிக்க வேண்டும் என்று விசாரிக்க வந்திருக்கிறார்.

"இம்மாம் பெரிய ஆர்டர் நம்ம கடைக்கு இதான் சார் மொத தபா," என்று ஜரீனா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது மட்டும் அமைஞ்சிட்ச்சின்னா, அக்கம்பக்கத்து ஸ்கூலுங்கோ எல்லாம் தானா வரும்."

அப்போதுதான் பிரிண்டரிலிருந்து என் பேப்பர் வெளியே வந்தது. எடுத்துப் பார்த்தேன்.

அக்கா இருந்தாள். ராணி கலர் எங்கே? பழைய உள்பாவாடை மாதிரி ஒரு நிறம். பச்சை பார்டர் சாம்பலாகிக் கிடந்தது. தலைமுடிகூடக் கறுப்பாக இல்லை, காக்கி! போதாததற்கு இடது வலது வேறு மாறியிருந்தது.

இங்கே என் பூர்வாசிரமத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்திரிகை ஆபீசில் இருபது வருடம் இருந்தவன். அச்சகத்துக்குப் போய், மை காயாத ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, 'மெஜந்தா கம்மி' என்று சொல்லி மெஷினையே நிறுத்த வைத்திருக்கிறேன். அங்கே பேப்பரில் வந்ததுதான் கடைசி. அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அந்தக் கண்ணோடுதான் இந்தப் பேப்பரையும் பார்த்தேன்.

"என்னம்மா இது? ராணி கலர்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? மெஜந்தா செத்துக் கிடக்கு. பிரிண்டர் ஹெட்ல மை அடைச்சிருக்கு, முதல்ல அதைக் கிளீன் பண்ணு!"

"சார், பேப்பர்ல அப்டிதான் சார் இருக்கும். இன்னும் சூடு..."

"எனக்கே பாடம் நடத்துறியா? இருபது வருஷம் மை வாசனையில குடியிருந்தவன் நான்."

"ஒரு அஞ்சு நிமிசம் சார். கப்புல போட்டுக் காட்டிடறேன்..."

"பேப்பர்லயே இல்லாத கலர் கப்புல எங்கேருந்து வரும்? வானத்துலேருந்தா?"

கேள்வி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு தடவை கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் சத்தம் கேட்டு மாஸ்டர் உள்ளே வந்துவிட்டார். பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார் பிரஸ் லைனா?"

"இருபது வருஷம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். பசங்க டி-சர்ட்ட இங்க குடுக்கலாமா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். 'எனக்குத் தெரியாது' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரெட் ஹவுஸ் எது, யெல்லோ ஹவுஸ் எதுன்னு தெரியாமப் போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

மாஸ்டர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு வரேம்மா" என்றார். நாளைக்கு வரேன் என்றால் என்ன அர்த்தம் என்று கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஜரீனா வாசல் வரைக்கும் போனார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த பைக் மறைகிறவரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, ஓரத்தைக் கத்தரித்து, வெள்ளைக் கப்பில் சுற்றி, டேப் ஒட்டி, ஹீட் பிரஸ்ஸில் வைத்து இறுக்கினார். மெஷினில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. நான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மெஷின் கீச்சென்று கத்தியது. கையுறை போட்டுக் கப்பை வெளியே எடுத்து, பேப்பரை உரித்தார்.

ராணி கலர்!

சாதா ராணி கலர் இல்லை... தெருமுனையில் நிற்கிறவனும் திரும்பிப் பார்க்கிற ராணி கலர். பார்டர் கிளிப்பச்சை. தலைமுடி கன்னங்கரேல் என்று. இடது வலதுகூடத் தன்னிடத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த மை பேப்பரில் இருக்கிற வரைக்கும் மங்கல்தானாம். சூட்டில் ஆவியாகிக் கப்பின் பூச்சுக்குள் இறங்கினால்தான் நிறம் காட்டுமாம். இதைத்தானே அந்தப் பெண் சொல்ல வந்தார்? நான் எங்கே விட்டேன்?

"கலர் ஓகேவா சார்?" என்று கேட்டார் ஜரீனா.

குத்தலாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே கேட்டார்.

"ம்... பரவாயில்லை" என்றேன். பரவாயில்லையாம்! ஒரு ஸாரி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மற்ற கப்புகளும் முடிந்ததும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருடன் மாதிரி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

விழாவில் எல்லாரும் கப்பைத்தான் பேசினார்கள். "புடவையைத் தொட்டா கையில ஒட்டும் போல இருக்கே, எங்க அடிச்சே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் எனக்குக் காது சுட்டது. பந்தி முடிந்ததும் தாங்க முடியாமல் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"இல்லக்கா."

அக்கா கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தி பொழப்புல மண்ணைப் போட்டுட்டு வந்து எனக்குக் கப்பு குடுக்கிறியா? நல்லாருக்குடா."

மறுநாள் காலையில் ஒரு கப்பை எடுத்துக்கொண்டு ராயபுரம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாஸ்டர் மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். கப்பைக் கையில் கொடுத்து, "அன்னைக்குப் பார்த்த அதே பேப்பர்லேருந்து வந்ததுதான் சார் இது. எனக்கு இந்த வேலையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்" என்றேன். முதல் வரிசைப் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் நீங்க... யானைக்கவுனில ஒரு எடத்துல சொல்லிட்டேனே. துணியெல்லாம் வெட்டிட்டாங்கோ. இனிமே எப்டி சார் மாத்தறது?"

அவ்வளவுதான். நான் போட்ட ஒரு வரி, துணியாகவே வெட்டுப்பட்டுவிட்டது. பத்திரிகையில் தப்பாக எழுதினால் அடுத்த இதழில் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். இதற்கு எந்தப் பக்கத்தில் திருத்தம் போடுவது?

அங்கிருந்து நேராக ஜரீனாவின் கடைக்குப் போனேன். மாஸ்டர் போனில் சொல்லிவிட்டிருந்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாராம்.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

'பரவாயில்லை சார்' என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அன்னிக்கு செம பேஜாராயிட்ச்சி சார். வூட்டுக்குப் போய் சோறே எறங்கல. பேப்பரப் பாத்துட்டு வர்றவங்கோ எல்லாருந்தான் இன்னா இப்டி கீதுன்னு கேப்பாங்கோ. நானும் சொல்லிகினுதான் கீறேன். நீங்க கேக்கவேயில்லியே சார்."

பாதி வேலையைப் பார்த்து முழுத் தீர்ப்பு எழுதுகிற வியாதி எனக்கு இருபது வருடப் பழக்கம். எத்தனை பேருடைய பேப்பரை இப்படிப் பார்த்தேனோ... நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஜரீனா ஒரு வெள்ளைப் பேப்பரையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "நீங்க பத்திரிகைல எழுதறவருதானே? இதப் பத்தி ஒரு போர்டு எழுதிக் குடுங்களேன்."

உட்கார்ந்து எட்டு வரி எழுதினேன். நயமாக, விளக்கமாக எழுதினேன். படித்துவிட்டு, "இவ்ளோத்த எவன் சார் படிப்பான்?" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உரித்த பேப்பரில் ஒன்று குப்பைக்குப் போகாமல் இருந்தது. அதை, மாஸ்டரிடம் காட்டிவிட்டுக் கொண்டுவந்த கப்போடு சேர்த்துச் சுவரில் மாட்டலாமா என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தாராளமா மாட்டச் சொல்லு. உனக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள்.

இன்றைக்கும் அந்தச் சுவரில் இருக்கிறது. வெளிறிப்போன அக்கா, பக்கத்திலேயே ராணி கலர் அக்கா, நடுவில் என் கையெழுத்தில் ஜரீனாவின் வாசகம்: 'பேப்பரில் டல்லாகத்தான் இருக்கும். சூடு பட்டால் கலர் வரும். அதற்குள் கத்தாதீர்கள் சார்.'

"சார்னு எதுக்கும்மா? லேடீஸும் வருவாங்களே?" என்று கேட்டேன்.

"லேடீஸு யாரும் கத்தல சார்" என்றார்.