காட்மியம் பூசிய சொம்பு

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு முலாம் பட்டறையில் வேலை. நட்டு, போல்ட்டுகளைத் தொட்டியில் முக்கி, கரண்ட் விட்டு, வெள்ளையாகப் பூச்சு ஏற்றி எடுப்பார்கள். ஆள் நல்லவர்தான். கேட்காத உதவியை ஓடிப்போய்ச் செய்கிற வியாதி மட்டும் உண்டு.

அந்த வருடம் ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருப்பக்கம் தலைகாட்டவே இல்லை. என் பித்தளைக் குண்டானில் பூச்சு தேய்ந்துபோய், புளி ஊற்றினால் களிம்பு ஏறியது. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒருநாள் அதைப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் வந்தபோது குண்டான் உள்ளும் வெளியும் வெள்ளிபோல மின்னியது. அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடுவீடாகப் போய்க் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண், ஏழு மாசக்காரி, உடனே தன் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அண்ணாத்தே, எனுக்கும் இத்தே மாதிரி போட்டுத் தரியா?"

அதற்கும் பூசிக் கொடுத்தார். வளைகாப்பு முடிந்து பூந்தமல்லி பக்கம் சென்னீர்குப்பத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள், சொம்பையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அழகு பார்த்தது போதும் என்று அடுத்த வாரம் குண்டானில் ரசம் வைத்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அப்பா விரலைச் சப்பினால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். அவளுக்கு ரசம் சோறு ஊட்டி நானும் சாப்பிட்டேன். கைகூடக் கழுவவில்லை, குடலைப் புரட்டியது. குழந்தை வாந்தியெடுத்து என் தோளில் துவண்டாள். டாக்டர், "பழைய சோறு குடுத்தியா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! சுடச்சுட வடித்த சோறு அது.

மறுநாள் மத்தியானமே அவர் மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்தார். ஒருநாளும் அப்படி வந்தவரில்லை.

"அந்தக் குண்டானைத் தொடாதமே! அதுக்குப் பூச்சு போட்டதையும் நீங்க வாந்தியெடுத்ததையும் சொன்னேன், மேஸ்திரி தலைல அட்ச்சிகினாரு. அது காட்மியமாம், விஷமாம். புளிப்பு பட்டா கரைஞ்சி சோத்துல எறங்குமாம். வாந்தியோட போவாதாம், கிட்னியில போய்க் குந்திக்குமாம்."

"யோவ், அந்தப் பொண்ணோட சொம்பு!"

அவர் முகம் செத்துப்போனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்தோம். பிள்ளைத்தாச்சி, வாய்க்குப் புளிப்பு கேட்கும், எலுமிச்சம்பழத்தை அதில்தான் பிழிந்து குடிப்பாள். உள்ளே இருக்கும் சிசு என்ன பாவம் செய்தது?

பஸ்ஸில் அவர் காதோடு சொன்னார். "சொம்பை மட்டும் வாங்கினு வந்துர்லாம். இன்னாத்துக்குன்னு சொல்லாத. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை பூடும்."

"போனாப் போவுது, வாய மூடு," என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள்.

"சொம்பு எங்க? அதுல எதுனா குடிச்சியா?" என்று கத்தினேன்.

"அய்ய, இன்னாக்கா நீ! அதுல யாரு குடிப்பா? பூச்சு போயிடும்னு தொடவேல்ல. அரிசி போட்டு சாமிகிட்ட வெச்சிகீறேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா என் வீட்டுக்காரரை நிற்க வைத்துக் கிழித்துவிட்டாள். அவர் அரிசியைக் கீழே கொட்டச் சொல்லிவிட்டு, தலைகுனிந்தபடி சொம்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் அவர் மடியில் இருந்தாள். தப்பித்தோம் என்று எனக்குக் கண் செருகியது. அவளுக்கும் தூக்கம் வந்துவிட்டது. வழக்கம்போல அவர் விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் பட்டறை அழுக்கு. தினமும் நான் பார்க்கிற அழுக்குதான். வெடுக்கென்று விரலைப் பிடுங்கினேன். குழந்தை வீறிட்டாள்.

"தூங்குற புள்ளைய ஏம்மே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோப்பு போட்டுத்தானே கழுவுறேன்," என்றார்.

மறுநாள் அவருக்குக் காலை ஷிப்ட்.