முவா அத்தான்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறேன். மூட்டையின் மேல் கடைப் பெயர் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து வேலை எனக்கு இருந்ததில்லை. பிழைகளைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்றும் சொன்னாள். வாய்விட்டுப் பேச முடிந்தால் நான் ஏன் எழுத உட்காரப்போகிறேன்?

சொல்ல வந்தது ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி. டைனோசர் படம். டைனோசர் என்றதும் எல்லோரும் கடிக்கிற, மனிதனைத் துரத்துகிற படத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள். இது அது இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. என் படத்தில் யாரும் யாரையும் கடிக்கமாட்டார்கள். ஆலங்கட்டி மழை பெய்யும்போது பெரிய டைனோசர்கள் வரிசையாக நின்று, யாருடையது என்றே தெரியாத முட்டைகளுக்குத் தங்கள் வயிற்றால் கூரை போடும். அதில் கழுத்து நீண்ட ஒன்று உண்டு. அதன் தலை மேகத்துக்குள்ளேயே இருக்கும். அதன் பின்னால் குட்டையான ஒன்று கத்திக்கொண்டே ஓடும். கத்துவது மேலே கேட்காது. நெட்டை தண்ணீர் குடிக்கத் தலையைக் கீழே இறக்கும்போதுதான், அதுவரை குட்டை கத்தியது எல்லாம் மொத்தமாக அதன் காதில் வந்து விழும். இதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன். "இந்த வயசுல பொம்மப் படமாண்ணே?" என்றார். அத்தோடு அவரிடம் பேச்சை விட்டேன்.

இந்தப் படத்தை எனக்குக் காட்டியவர் என் அக்காவின் கணவர். அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது; அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். விழுப்புரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவின் தம்பி, என் சொந்தத் தாய்மாமா, காரியம் முடிந்த அன்றே எல்லோர் முன்னாலும், "இவன நான் எங்க வச்சிக்கறது?" என்று கேட்டார். அப்போது அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் கணவர் என் துணிப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அப்படித்தான் புதுச்சேரிக்கு வந்தேன். ஊர் மாறியதில் பள்ளிக்கூடமும் விட்டுப்போனது. எங்கள் பக்கம் அக்காள் கணவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. வாயைத் திறந்தால் துக்க வீட்டில் நின்று கேள்வி கேட்டவரின் முகம்தான் வரும். அதனால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மாதங்களை ஓட்டினேன். அவரைச் சாப்பிடக் கூப்பிடும்படி அக்கா சொன்னால் அவர் எதிரில் போய் நிற்பேன். அவரே நிமிர்ந்து பார்த்து, "இன்னாடா, சோறா?" என்பார்.

அவர் தட்டாஞ்சாவடியில் பாத்திரப் பட்டறையில் தகடு அடிக்கிற மெஷினில் இருந்தார். அவருடைய அம்மா ஒரு சொல்தா வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களைப் புதுச்சேரியில் சொல்தா வீடு என்பார்கள். அந்தச் சமையலறையிலேயே இவர் வளர்ந்ததால் பிரெஞ்சு கொஞ்சம் காதில் ஏறியிருந்தது. பட்டறையில் அவரைப் பிரெஞ்சுத் துரை மாதிரி 'முசியே' என்று கேலி செய்வார்கள். ஒரு விடுமுறை நாளில் அந்த வீட்டு எஜமானி மதாம், பாரிசிலிருந்து பேரன் விட்டுப்போன ஒரு கேசட்டை இவரிடம் கொடுத்து, தெருப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். இவர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார். கேசட்டைப் போட்டால் படம் ஓடியது, கலர் வரவில்லை. பிரெஞ்சுக்காரன் கேசட் நம்ம டெக்கில் கருப்பு வெள்ளையாகத்தான் ஓடும் என்றார் டெக் கொண்டுவந்தவர். எங்களுக்குக் கவலையில்லை. டைனோசர் என்றால் யானை மாதிரி சாம்பல் நிறம்தானே என்று நினைத்தோம்.

ஒரு வார்த்தைகூடப் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று ஒரு வார்த்தை புரிந்தது. நெட்டை டைனோசர் முன்னால் போகிறது. குட்டை பின்னால் ஓடிக்கொண்டே கத்துகிறது: "அத்தான்! அத்தான் முவா!" கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "டேய், தமிழ் பேசுதுடா!" என்று ஒருவன் குதித்தான். "அவங்கக்கா புருசன்டா அது" என்றான் இன்னொருவன். பெரியதன் பெயர் முவா என்று அங்கேயே முடிவானது. பின்னால் நின்றிருந்த இவரைப் பார்த்து, "அண்ணே, அத்தான்னு தான கூப்புடுது?" என்று கேட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா, வேற இன்னா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அந்தப் படத்துக்கு முவா அத்தான் என்றே பெயர்.

சில நாள் கழித்து பெரிய மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். மீன் கூடைக்காரிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் இடித்துக்கொண்டு போகிற சந்தில் அவர் வேகமாக முன்னே போய்விட்டார். அவர் சட்டை ஒரு தலைக்குப் பின்னால் மறைந்தது. அடுத்து இன்னொரு தலை. கத்தினேன். என்ன கத்துகிறேன் என்று யோசிக்கவே இல்லை. "அத்தான்!" வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியது அந்த ஒரு முறைதான். அவர் சட்டென்று நின்றார். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரை அப்படியே கூப்பிட்டேன். அக்காதான் வருடக்கணக்கில் கேலி செய்தாள். "சினிமால பொண்டாட்டி கூப்புடறத இவன் கூப்புடறான் பாரு. அப்ப நான் இன்னான்னு கூப்புடறது?" என்பாள். எங்கள் ஊர் உறவுகள் இன்றைக்கும் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் என் மகள் அந்தப் படத்தைப் போனில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிறவள். யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள், பார்த்தவர்களே இல்லை. கீழே ஒருவர் மட்டும் ஏதோ எழுதியிருந்தார். படித்துச் சொல் என்றேன். "வேஸ்ட் படம்னு எழுதியிருக்காருப்பா" என்றாள். முகம் தெரியாத அந்த ஆள் மேல் எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. படம் கலரில் ஓடியது. முவா ஆரஞ்சு நிறம்! ஐஸ்கிரீம் வண்டி மாதிரி ஓர் ஆரஞ்சு. அதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் காட்சி வந்ததும், "பாரு, அத்தான்னு கூப்புடும்" என்றேன். மகள் சிரித்தாள். "அப்பா, அது அத்தான் இல்லப்பா. அத்தோன். மூக்கால சொல்லணும். இரு, நில்லுன்னு அர்த்தம். முவான்னா என்னை. எனக்காக நில்லுன்னு கத்துது."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவருக்குப் பிரெஞ்சு தெரியும். அப்படியென்றால் அன்றைக்குத் தெரிந்தேதான் ஆமா என்றாரா? மார்க்கெட் சந்தில் நான் உறவு சொல்லிக் கூப்பிட்டேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர் காதில் என்ன விழுந்தது? சமையலறையில் கேட்டுப் பழகிய, நில் என்கிற வார்த்தை விழுந்து, யாரோ நிற்கச் சொல்கிறார்கள் என்று நின்றாரா? அல்லது அத்தான் என்று விழுந்து, என்னை உறவாகச் சேர்த்துக்கொண்டு திரும்பினாரா? மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கு இந்த ஊரில் கால் ஊன்றிய இடமே அந்த ஒரு வார்த்தைதான். ஒரே ஒரு கேள்வி. நேரே போய்க் கேட்டுவிடலாம். ஆனால் அவருக்குக் காது போய்விட்டது.

தகடு அடிக்கிற மெஷின் முப்பது வருடத்தில் காதைத் தின்றுவிட்டது. காது மெஷின் வாங்கினார்கள். கொய்ங் என்று கத்துகிறது என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். இப்போது அவரும் அக்காவும் உழவர்கரையில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். எல்லோரும் அவரிடம் கையால் பேசுகிறார்கள். வாயருகே கை போனால் சோறு, உள்ளங்கையைக் காட்டினால் மாத்திரை. என் கேள்விக்கு எந்தக் கையைக் காட்டுவது? கத்தத்தான் வேண்டும். மார்க்கெட்டில் கத்தாமல் பிழைக்கிற ஒரே ஆள் நான்தான். பேரம் பேசத் தெரியாது என்றுதான் என்னைத் தரம் பிரிக்க உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தான், அந்த டைனோசர் படம்..." என்றேன்.

"இன்னா? டைனமோவா?"

"டைனோசர் அத்தான்."

"டயாபடீசா? எனக்கு இல்லடா. உங்கக்காவுக்குத்தான்."

உள்ளேயிருந்து அக்கா, "கத்திச் சொல்லுடா! முணுமுணுன்னா எப்படிக் கேக்கும்?" என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், "யாருக்குண்ணே சுகரு?" என்று எட்டிப் பார்த்தார். எனக்குக் காது மடல் சுட்டது. போனை எடுத்துப் படத்தைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இது அந்தப் படம் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். "அது சாம்பல் கலரு."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். அந்த டெக் மேல், அந்தத் தகடு மெஷின் மேல், ஆரஞ்சு நிறம் அடித்தவன் மேல், எல்லாவற்றையும்விட என் தொண்டை மேல். வீட்டுக்கு வந்து மகளின் நோட்டில் ஒரு தாள் கிழித்து, மேலே சொன்ன கதையைச் சுருக்கி, கேள்வியைக் கடைசியில் எழுதினேன். அவர் பேப்பர் படிக்கிறவர், கண் நன்றாக இருக்கிறது. இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று என்னைக் கேட்கக்கூடாது.

அடுத்த ஞாயிறு தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் ஒன்றை மறந்துவிட்டேன். காது கேட்காதவருக்குத் தன் சத்தமும் தெரியாது. மெல்ல வாய்க்குள் படிப்பதாக நினைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தார். என் அம்மா செத்தது, துணிப்பை, சந்தில் நான் பயந்தது, எல்லாம். மதிலுக்கு அந்தப் பக்கத்து அம்மாள் வாளியோடு நின்றுவிட்டார். பைக் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்தார். அக்கா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். தாளைப் பிடுங்கலாமா என்றிருந்தது. நடுவில் நிறுத்தி, "கூப்பிட்டேன்ல ஒரு 'ப்' விட்டுட்ட" என்று வேறு சொன்னார்.

கடைசி வரியையும் படித்து முடித்தார்: "அன்னிக்கு உங்க காதுல விழுந்தது எது?" கண்ணாடியைக் கழற்றினார்.

"எது விழுந்தா இன்னாடா?" அதே சத்தத்தில் கேட்டார். "நின்னேனா, இல்லியா?"

நான் கேட்டதற்கு இது பதிலே இல்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டுமென்றால் இன்னொரு தாள் எழுத வேண்டும். ஆனால் தெருவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

"நின்னீங்க அத்தான்" என்றேன்.

"இன்னா?"

"நின்னீங்க!"

எழுதி முடித்தது: புரட்டாசி மாதம், மூன்றாவது ஞாயிறு, சாயங்காலம்.