பெரட்டை ஸ்கிப் பண்ண முடியாது சார்

"ஸ்கிப் பட்டன் எங்க இருக்கு?"

போன ஞாயிறு மத்தியானம், அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர், கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு கேம் கம்பெனியின் மேனேஜர். பதில் சொல்ல வேண்டியவள் சுகந்தி. பதுளையில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். பகலில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறாள், மிச்ச நேரமெல்லாம் சொந்தமாக ஒரு வீடியோ கேம் தயாரிக்கிறாள். அவளுடைய அம்மா பார்வதி இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து பறிக்கிறார்.

"இல்ல சார். வைக்கல" என்றாள் சுகந்தி.

மேனேஜரின் முகம் மாறியது. கூடப் போயிருந்த எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி!

ஏன் என்று சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும் நான் வீடியோ கேம் விளையாடுவேன். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்... முடிந்ததா? கேமை விட அதன் தொடக்கக் காட்சி, அந்த இன்ட்ரோதான் எனக்கு உயிர். புயலில் ஒரு கப்பல் உடையும். ஆளில்லாத வீட்டில் ஒருத்தி கண் விழிப்பாள். எங்கோ தூரத்தில் மணி அடிக்கும். நாம் ஒரு பட்டனையும் தொடவில்லை, ஆனாலும் அடுத்து என்ன என்று நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம் பாருங்கள்... அதற்காகவே கேம் வாங்குகிற ஆள் நான்.

என் கணவர் இதற்கு நேரெதிர். இன்ட்ரோ வந்த மறுவினாடி ஸ்கிப். பிறகு பாதி விளையாட்டில், "இவன் யாரு? என்னைய ஏன் சுடுறான்?" என்று கேட்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். சுடட்டும்!

சுகந்தியின் கேமுக்கு வருவோம். அடைமழை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மலை வெடிப்பு விட்டு நிற்கிறது. மண் சரிவதற்குள் லயத்து ஆட்களை ஒருவர் விடாமல் வெளியே கூட்டி வரவேண்டும். அவ்வளவுதான் கேம். ஊவா மாகாணத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மழை விடாமல் பெய்தால் மலையைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிடுகிற ஜனம் நாம்.

இன்ட்ரோ என்ன தெரியுமா? பெரட்டு. வெளியூர் வாசகர்களுக்காக — காலையில் வேலைக்கு முன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. திரையில் பனி. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட பெண் முன்னால் வருகிறாள், முகம் தெரிகிறது, போகிறாள். அடுத்த பெயர். பதில் குரல் மட்டும் கிடையாது. குரல் கொடுக்க ஆள் தேடி அலுத்துப்போய், அந்த இடங்களை வெறுமனே விட்டிருந்தாள் சுகந்தி. பெயர்களெல்லாம் அவள் அம்மாவோடு வேலை செய்கிற பெண்களுடையவை. யாரிடமும் இவள் சொல்லியிருக்கவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. குடும்பத்தோடு எல்லவுக்கு லீவில் போகிற வழியில் இவளுக்காகவே மலையேறி வந்தவர். கேமைத் தன் கம்பெனியே வெளியிடும் என்றார். சுகந்திக்கு அது சின்ன விஷயமா? ரிப்பேர் கடையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்யலாம். வருஷக்கணக்காக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆனால் இன்ட்ரோவை மட்டும் மாற்ற வேண்டுமாம். "ட்ரோன்ல பச்சை மலை... ஒரு பொண்ணு கொழுந்தோட திரும்பிச் சிரிக்கிறா... அரை நிமிஷம். முடிஞ்சுது" என்றார்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். தேயிலைப் பாக்கெட்டில் பிறந்த நாளிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள். இன்றுவரை அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

"முதல்ல முழுசா ஒரு தடவ பாருங்க சார்" என்றாள் சுகந்தி. ஜன்னல்களைப் போர்வையால் மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை சேலையில் மண்டபம் நிறையப் பெண்கள். புரொஜெக்டர் ஓடியது. ஸ்பீக்கரில் கணக்கப்பிள்ளையின் குரல்:

"மாரியாயி!"

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பதில். "இருக்கேங்க!"

மண்டபமே சிரித்தது. பாவம், மாரியாயி அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் பெரட்டுக் களத்தில் நின்ற வாய்... பெயரைக் கேட்டதும் தானாகத் திறந்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பெயர்.

"செல்லம்மா!"

"இருக்கேன்!"

"காளியம்மா!"

"இங்கதாங்க இருக்கேன்!"

மாரியாயி சொன்னது பழக்கதோஷம். இவர்கள் வேண்டுமென்றே சொன்னார்கள். போகப் போகக் குரல் ஏறியது. யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பெயர் பார்வதி. "இருக்கேன்" என்றார் சுகந்தியின் அம்மா, எழுந்து நின்று. 

மேனேஜர் கை தட்டினார். நிஜமாகவே தட்டினார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்கு. ஆனா இது இங்க உள்ள ஆக்களுக்கு. வெளிநாட்டுல விளையாடுறவன் இவ்வளவு பேரையும் கேட்டுட்டு இருப்பானா? ஒரு பேர் போதும். மிச்சத்தை ஸ்கிப் பண்ண விடுங்க."

"சார், யாரு யாரு இருந்தாங்கன்னே தெரியாம, யாரைக் காணோம்னு எப்படித் தேடுவான்?"

"இது கேம் தானே, தங்கச்சி."

"ஆமாங்க. கேமுலயாவது தேடட்டுமே."



"அவசரப்படாதீங்க. யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சிட்டேங்க சார். மாத்த மாட்டேன்."

அவர் தேநீர் குடித்துவிட்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு எல்லவுக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்தப் பழக்கத்தின் மேல்தான். மலையகத்தைப் பற்றி யார் கதை சொன்னாலும் பனி வரும், ரயில் வரும், பாலம் வரும், பச்சை வரும். ஆட்கள் வருகிற இடம் பார்த்து விரல் ஸ்கிப்புக்குப் போய்விடும். ஏன் ஐயா? எங்கள் பெயரைக் கேட்க உங்களுக்கு இரண்டு நிமிடம் இல்லையா? அப்படியானால் எங்கள் மலை எதற்கு உங்களுக்கு?

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுகந்தி பண்டாரவளை வரைக்கும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அக்கா, பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டேனா?" என்றாள்.

"ஆமா" என்றேன். "நல்லா பண்ணின."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்பெனியிலிருந்து இதுவரை ஒரு போன் கோலும் இல்லை. இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அவளே வெளியிடப் போகிறாள். கடைக்கு வழக்கம் போல வேலைக்குப் போகிறாள்.

ஆனால் புதன்கிழமை பார்வதி அக்காவின் போனிலிருந்து ஒரு கோல் வந்தது. பேசியது ராசம்மா — அவர்கள் லயத்தில் கடைசிக் காம்பிராவில், அதாவது கடைசி அறையில் இருப்பவர். ஞாயிறன்று வெலிமடையில் மகள் வீட்டில் இருந்ததால் படத்தைத் தவறவிட்டாராம்.

"ஏம்மா சுகந்தி, அதுல எம்பேரு இல்லையாமே?"

"இல்ல பெரியம்மா, அது வந்து..."

"அப்ப மண்ணு சரிஞ்சா என்னைய மட்டும் தேட மாட்டீங்களா?"

சுகந்தி ஸ்பீக்கரைப் போட்டாள். ரெக்கார்டிங்கை அழுத்தினாள். "ராசம்மா!" என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன்!"

அவருக்குப் பின்னால் மேல் லயத்து ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். மறுநாள் ஆண்கள் சண்டைக்கு வந்தார்கள், எங்கள் பெயர் எங்கே என்று. கம்பெனி அரை நிமிடமாக வெட்டச் சொன்ன இன்ட்ரோ ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவசரமாக இருப்பவர்கள் தயவுசெய்து வேறு கேம் விளையாடுங்கள்.