கதவு வெளியே இருந்த ஆறு வீடுகள்

தொண்ணூறுகளின் நடுவில், சூலூரில் எங்கள் பருத்திக் காட்டை அழித்து ஆறு வீடு கட்டினேன். தளத்துக்குள் விமானப்படைக் குடும்பங்களுக்குக் குவார்ட்டர்ஸ் போதவில்லை, வெளியார் கட்டும் வீடுகளை விமானப்படையே மொத்தமாக வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எடுத்தால் நான் முதலாளி. எடுக்காவிட்டால், காட்டையும் தொலைத்துவிட்டு ஆறு சமையலறையோடு நிற்கும் ஒற்றை ஆள்.

அவர்கள் பார்வையிட வந்த அன்று காலையிலேயே எனக்கு உடம்பு மரத்துவிட்டது. பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும். எனக்கு உதடு மரத்துப்போகும், பல் பிடுங்கப் போனவன் மாதிரி. காப்பியைக் குடித்தேனா ஊற்றிக்கொண்டேனா என்பதைச் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜீப்பில் தமிழ் தெரியாத ஓர் அதிகாரி வந்தார். கூடவே, குடும்பங்களின் சார்பில் ஒரு சார்ஜெண்டின் மனைவி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிகாரி சுவரைத் தட்டினார், ஜன்னலை ஆட்டினார். அந்த அம்மா நேராகக் கொல்லைப்புறம் போய் நின்றார்.

“பாத்ரூம் கதவு ஏண்ணா வெளில இருக்கு?”

“எங்க பக்கம் அதையெல்லாம் ஊட்டுக்குள்ள வெக்கமாட்டமுங்க.”

“எங்க வீட்டுக்காரருக்குப் பாதி நாள் நைட் டூட்டி. பிள்ளைங்கள தனியா விட்டுட்டு நான் இருட்டுல வெளில வரணுமா? பாம்பு கெடக்காதா?”

“எங்கூர்ப் பாம்பு மருவாதி தெரிஞ்சதுங்க அம்மணி. வழி உட்டு நிக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா அதிகாரியிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எனக்கு இந்தி தெரியாது. பேனாவை மூடினால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நானே தூரத்தில் நின்று பார்த்தது போலத்தான் ஞாபகம் இருக்கிறது. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைக்குள் ஓடினேன். “உள்ளயே கதவு வெச்சுத் தர்றனுங்க! இப்பவே!”

“ஏனுங்க, அந்தச் செவுத்துக்குள்ள பைப்பு ஓடுதுங்க...” என்று வீடுகளைக் கட்டிய மேஸ்திரி அலறுவதற்குள் சுவரில் ஒரு போடு போட்டுவிட்டேன்.

தண்ணீர் பீறிட்டு, பின்னாலேயே வந்த அதிகாரியின் நெஞ்சில் அடித்தது. உடைந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரலிடுக்கில் எல்லாம் பீய்ச்சியது. சில்லென்று இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த அம்மா ஒதுங்கவில்லை. தண்ணீரையே பார்த்தார். “இவ்வளவு வேகமாவா வருது? இப்ப நாங்க இருக்கற வீட்டுல ஒரு பக்கெட் நிறையறதுக்குள்ள சோறு வெந்துடும்!”

“தொட்டி ஒசரமுங்க,” என்றார் மேஸ்திரி. அத்தனை உயரம் எதற்கு என்று என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

அந்த அம்மா மறுபடி இந்தியில் பேசினார். இந்த முறை நீளமாக. அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“ஆறு வீட்டுலயும் கதவை உள்பக்கம் மாத்த எத்தனை நாளாகும்னு கேக்குறாரு.”

நான் உள்ளங்கையை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

“பத்தே நாளுங்க,” என்றார் மேஸ்திரி. அதிகாரி எழுதிக்கொண்டார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. சந்தோஷம் வருமென்று காத்திருந்தேன். சுவரில் கை, சட்டையில் காப்பி, அவ்வளவுதான்.

மேஸ்திரி வந்து தோளைத் தொட்டார்.

“கையை எடுங்க. வால்வை அப்பவே மூடிப்போட்டனுங்க.”