கோயில் சுவரில் ஒட்டாத கணக்கு

மலேசியாவில் பீடோர் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் திருவிழா முடிந்த மறுவாரம் கோயில் சுவரில் கணக்கு ஒட்டுவார்கள். யார் எவ்வளவு உபயம் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், கற்பூரத்துக்கு என்ன செலவு, எல்லாம் அதில் இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வருஷம் தவறாமல் முழுசாகப் படித்தது அந்தத் தாளைத்தான். பொதுப்பணம் என்றால் செலவழித்தவர்கள் சுவரில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒட்டுப்பால் மூட்டைகள், மரத்தில் காய்ந்து ஒட்டின ரப்பர், காணாமல் போயின. போலீஸ் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது. நாலாம் நாள், கேஸ் ஒன்றும் இல்லை போ என்று விட்டார்கள். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. பால் வெட்டும் கத்தியை அந்தக் கை அப்புறம் பிடிக்கவே இல்லை. மூட்டைகளை எடுத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் திருட்டுப் பட்டம் இவர்மேலேயே நின்றுவிட்டது.

தோட்டத்தை விட்டு ஈப்போ பட்டணத்துக்கு வந்தோம். சிலிபினில் ஒரு வாடகை அறை. நான் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். ஒரு வக்கீல் எங்களுக்காகப் போலீஸ்மேல் கேஸ் போட்டார். வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் பக்கத்தில் சொன்னார்கள். வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி ஆங்கிலத் தாளைத் தமிழில் சொன்னார்.

"காசு தராங்கண்ணே. ஆனா தப்பு பண்ணோம்னு ஒத்துக்கல. எவ்ளோன்னு நீங்க வெளிய சொல்லக்கூடாது. சொன்னா காசத் திருப்பிக் கேப்பாங்க."

"நாங்க யார்கிட்ட சொல்லப் போறோம் லா," என்று இவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அப்போது வருத்தமில்லை. வாங்கினவர்தானே சொல்லக்கூடாது, கொடுத்தவர் சொல்வார் என்று எடுத்துக்கொண்டேன். இன்னாரை அடித்ததற்கு இவ்வளவு என்று பத்திரிகையில் வரும், தோட்டத்தில் எல்லாரும் படிப்பார்கள், இவர் பட்டம் போய்விடும். மூன்று மாதம் தினமும் தமிழ்ப் பத்திரிகை வாங்கினேன். பிறகு கிராணியிடமே போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் போட மாட்டாங்கக்கா. போட்டா, இது வரைக்கும் எத்தன பேருக்குக் குடுத்தீங்கன்னு ஊரே கேக்குமில்ல," என்று சிரித்தார்.

அந்த வருஷம் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனபோது எங்கள் புதுத் துணியைப் பார்த்து, நாலு நம்பர் லாட்டரி அடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் எங்கள் காதுபடவே, "ஒட்டுப்பால் காசு இப்பத்தான் வெளிய வருது," என்றார். இவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். இருந்தும் உபயம் எழுதுகிற மேசைக்குப் போய் ஐம்பது வெள்ளி நோட்டை வைத்தேன்.

"எதுக்காகன்னு போடறது, அக்கா?" என்றார் எழுதுகிறவர்.

"போலீஸ் உடைச்ச கைக்கு சர்க்கார் குடுத்த நஷ்டஈடு. அப்படியே போடுங்க."

பேனா நின்றது. என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுவாரம் தனியாக பஸ் ஏறிப் போனேன். சுவரில் என் பெயருக்கு நேரே, 'குடும்ப நலம் வேண்டி, ஐம்பது வெள்ளி' என்று இருந்தது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்கள் அடுத்த வீட்டில் இருந்த அக்காவும் பக்கத்தில் நின்று படித்தார்.

"என்னடி, நம்பர் அடிச்சும் சாமிக்கு அம்பதுதானா?"

"நம்பர் இல்லக்கா. லாக்கப்ல கைய உடைச்சதுக்குக் குடுத்தாங்க. ஒம்பதாயிரம் வெள்ளி. வக்கீலுக்குப் போக ஆறாயிரம்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அப்படியா? எந்தப் பேப்பர்ல போட்டான்?" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "காசத் திருப்பிக் கேட்டு வந்தாங்கன்னா?" என்று மட்டும் கேட்டார்.

பல மாதம் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே பயம். ஒருவரும் வரவில்லை. இப்போது யோசித்தால், வந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அப்படி வந்து கேட்டிருந்தாலாவது, பணம் எதற்காக வந்தது என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருக்கும்.