கெட்டவர்களுக்கு மாஸ்டர்

மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்த சோப்பும் டார்ச் லைட்டும் கோடாலித் தைலமும் அவரவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, யாருக்கும் வேண்டாத ஒரு பெட்டி மிச்சம் கிடந்தது. அவருடைய முதலாளி வீட்டுப் பிள்ளைகள் விட்டுப்போன ஏதோ விளையாட்டு. திறந்து பார்த்தால் பலகை இல்லை, காய் இல்லை. தடித்த ஓர் ஆங்கிலப் புத்தகமும் இருபது முகம் கொண்ட ஒரு பகடையும்தான் இருந்தன. மூளைக்கு நல்லது என்று சொல்லி மாமா அதை என் தலையில் கட்டினார். வீட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் அப்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை அது, 2006. அகராதியை வைத்துக்கொண்டு பத்து நாள் மல்லுக்கட்டியதில் விளையாட்டு பிடிபட்டது. ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவர்கள் கதையில் சந்திக்கிற ராஜா, காவல்காரன், கடைக்காரி எல்லாருக்கும் கதை நடத்துகிறவரே குரல் கொடுக்க வேண்டும். புத்தகம் அவரை மாஸ்டர் என்றது. வேறு யார் இருக்கிறார்கள், நான்தான் மாஸ்டர்.

ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே விளையாட்டு நடந்தது. கணவாய்க் காற்று தொடங்கியிருந்ததால் தாள்களின் மேல் ஆளுக்கொரு கருங்கல் ஜல்லி வைத்துக்கொண்டோம். ஆடியவர்கள் மூன்று பேர். நாகர்கோவிலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அத்தை மகன், அவன் தங்கை, பிறகு சித்தி மகன்.

சித்தியும் அவள் மகனும் விடுமுறைக்கு வந்தவர்கள் இல்லை. சித்தி என் அம்மாவுக்கு ஒரே தங்கை. மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பா சவூதியில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வந்த போன் மாதத்துக்கு ஒன்றாகி, கிறிஸ்துமசுக்குப் பிறகு நின்றே போனது. அவர் கூப்பிடாததற்கும் இவள்தான் காரணம் என்று மாமியார் வீட்டில் பேச்சு. ஒரு நாள் மகனையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி இங்கேயே இரு என்று அம்மா சொன்னாள். ஜூனில் அவனை எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காக அப்பா விண்ணப்பம் வாங்கி எழுதி, வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தார். சித்திக்கு அந்த வீட்டை விட்டால் போக வேறு இடம் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நல்லவர்களாக இருக்க மூவருக்குமே விருப்பமில்லை.

"நல்லவனாட்டு இருக்கது சண்டே ஸ்கூல்ல போராதா ஏட்டி? இங்க நாங்க கெட்டவங்க" என்றான் அத்தை மகன். அவன் கொள்ளைக்காரன் ஆனான். தங்கை விஷம் வைக்கிறவள். சித்தி மகன், பிறர் முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ளும் மாயக்காரன்.

கெட்டவர்களை வைத்துக் கதை நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. நல்லவர்களிடம் இளவரசியைக் காப்பாற்று என்றால் கிளம்பிவிடுவார்கள். இவர்களை எதைச் சொல்லி எங்கே அனுப்புவது? முதல் நாள் அரை மணி நேரத்தில் ராஜாவைக் கொன்று ஊரையும் எரித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். மறுநாளும் அதே கதி. மூன்றாம் நாள், கோட்டை வாசல் காவலனுக்குக் குரல் கொடுக்கும்போது, எங்கள் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்குட்டி மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைச் செருமினேன். மூன்று பேரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அவனைக் கொல்லவில்லை. இரண்டு மணி நேரம் விதவிதமாக ஏமாற்றி விளையாடினார்கள்.

எனக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. முகம் தெரியாத ஊரை எரித்துவிட்டுப் போய்விடுவார்கள், தெரிந்த ஆளைக் கொடுத்தால் உட்கார்ந்து வதைப்பார்கள். அதன்பின் நாளுக்கொருவரைத் தெருவிலிருந்து மாடிக்கு ஏற்றினேன். டியூஷன் சார் வந்தார், ரேஷன் கடைக்காரர் வந்தார், மீன்காரி வந்தாள். குரல் மாற்றிப் பேசும் வித்தை எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. சபைக் கூட்டத்துக்குப் போய்வந்தால் அங்கிருந்த அத்தனை பேரையும் அடுக்களையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள் அம்மா.

ஒரு வாரத்தில் என் சரக்கு தீர்ந்தது. அன்றைக்குத்தான் சித்தியை எடுத்தேன்.

சில நாட்களுக்கு முன், அம்மாவும் பிள்ளைகளோடு வந்திருந்த அத்தையும் சக்கைப்பழம் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் சுளை தின்றுகொண்டிருந்தேன். மாமியார் வீட்டில் போன் அடித்தால் சித்தி உடனே எடுக்க மாட்டாளாம். போன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பாளாம். ஆனாலும் மனதுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டுத்தான் எடுப்பாளாம். அம்மா அதைச் சித்தியின் குரலில், மார்த்தாண்டம் பக்கத்து ராகத்தோடு சொல்லிக் காட்டினாள். அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சொல்லி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் முதல் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு வீடு, உள்ளே ஒரு பெண், அவள் கணவன் கடல்தாண்டிப் போயிருக்கிறான் என்று ஆரம்பித்தேன். சித்தி மகன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. அவனும் சிரித்துவிட்டால் ஆட்டம் களைகட்டும் என்றுதான் தோன்றியது. எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

"லேய், நீ அவ மாப்பிள்ளைக்க மொகத்த எடுத்து மாட்டு" என்றான் அத்தை மகன்.

முக்கியமான வேலை தனக்கு வந்ததில் சித்தி மகனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பகடையை உருட்டினான். பதினேழு விழுந்தது. அந்தப் பெண் அவனைக் கணவன் என்றே நம்புவாள். விரல் முட்டியால் தரையைத் தட்டினான், கதவைத் தட்டுகிறானாம். நான் திறக்கவில்லை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சித்தியின் ராகத்தில், ஒண்ணு, ரெண்டு என்று இழுத்து இழுத்து எண்ணினேன். ஐந்து வந்ததும், "காத்துக் கெடக்கேன்னு அவரு நெனைச்சிரப்பிடாது, கேட்டியா மக்ளே" என்றேன். அம்மா சொன்னது அச்சு அசலாக அப்படியே வந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் அதிகம் சிரித்தான்.

சிரிப்பு சட்டென்று நின்றது. கொடியிலிருந்து எடுத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத உனக்கு ஆரு சொன்னா மக்ளே?"

பயந்துபோய்த்தான் இருந்தேன். அந்தப் பயத்திலும் மாஸ்டரின் கௌரவத்தை விட மனமில்லை. கதையெல்லாம் என் சொந்தச் சரக்கு என்றுதான் அதுவரை அந்த மூவரிடமும் அளந்திருந்தேன்.

"ஆரும் சொல்லல்ல சித்தி. நானாட்டு உண்டாக்குனது."

சித்தி தோளிலிருந்து நழுவிய துணியை ஏற்றிப் போட்டுக்கொண்டாள். "நல்லாட்டு இருக்கு" என்றாள். மிச்சத் துணிகளையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

இரண்டு நாள் நான் அடுக்களைப் பக்கமே போகவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடுவாள், முதுகுத்தோல் உரியப்போகிறது என்று காத்திருந்தேன். சித்தி வாய் திறக்கவில்லை. எனக்கு எப்போதும்போல் தலை பின்னிவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு பைகளையும் கட்டி வைத்திருந்தாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, போக வேண்டும் என்றாள். அம்மா முதலில் கெஞ்சினாள், பிறகு அழுதாள், கடைசியில் சண்டை போட்டாள்.

"இங்க உனக்கு என்னட்டி கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்லக்கா."

அப்பா விண்ணப்பத்தை எடுத்துவந்து காட்டினார். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் என் பகடையைக் காணவில்லை. நான் வாசலில் சித்தி மகனை மறித்து, பையைத் திறந்து காட்டச் சொன்னேன். அவன் கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். எனக்குச் சேர வேண்டியது கிடைத்த திருப்தியில் கை ஆட்டி வழியனுப்பினேன். அதன்பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கவில்லை.

பிற்பாடு கல்லூரி விடுதியில், நான் ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்த ஒன்றை வேறொருத்தி என் குரலிலேயே நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேறொருத்தியின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, நான் நம்பிச் சொன்னவளின் மேல்தான் வந்தது. அப்போதுதான் அந்த மாடி ஞாபகம் வந்தது. மனதுக்குள் எண்ணுவதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சித்தி அதை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள்.

கிறிஸ்துமசுக்கு அம்மா இன்றும் சித்திக்குப் போன் போடுகிறாள். சுகமா, சுகம், பையன் சுகமா, சுகம். அரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். போனை வைத்துவிட்டு, "நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்பாள். பக்கத்தில் நான்தான் இருப்பேன். முதலில் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொன்னால் பழி அம்மாவின் மேல் போய் உட்காரும் என்று சொல்லாமல் இருக்கிறேன். இரண்டும் கோழைத்தனம்தான்.

அவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் நகர்ந்தபோது எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. சித்தி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என்மேல் உள்ள பிரியத்தில் அம்மாவிடம் மறைத்துவிட்டாள் என்று நம்பினேன். எதையும் போய்ச் சொல்ல அவளுக்கு இனி ஒரு அக்கா இல்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை.